ஒரே நிறம்

பேரணாம்பட்டு
19.11.2023

அமிர்தவள்ளிக்கு,

சுந்தரமூர்த்தி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு பக்கம் படித்துவிடு.

உன் வீட்டு விலாசம் எனக்குத் தெரியாது, அதனால் நீ வேலை செய்யும் இடத்துக்கே எழுதுகிறேன். போன மாதம் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நீ ஒரு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தாய். கூப்பிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, கூப்பிடவில்லை. நீ நுழைந்த கட்டடத்தின் வாட்ச்மேனிடம் கேட்டேன். "அமிர்தாம்மாவா? எலி லேப்ல இருக்காங்க. மூத்திரப்பை ஆராய்ச்சி பண்ற டீமு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வேலூருக்கு வந்ததே அந்த வியாதிக்குத்தான்.

பொங்கல் சமயத்தில் ஒண்ணுக்கு சிவப்பாகப் போனது. வலி கிடையாது. தோல் பட்டறையில் நாள் முழுக்கச் சாயப் பொடியில் நிற்கிறவன், சாயம்தான் எப்படியோ உள்ளே போய் வெளியே வருகிறது என்று விட்டுவிட்டேன். டிரம் செக்‌ஷனில் என்னோடு நிற்கும் கலீமுல்லாவை உனக்கு நினைவிருக்கும். ஒரு நாள் அவன் பார்த்துவிட்டான். "யோவ் சுந்தரம், சாயம் கையில ஒட்டும், துணியில ஒட்டும். ஒண்ணுக்குல போவுமா? கெளம்புய்யா" என்று அப்படியே பஸ் ஏற்றிவிட்டான்.

ஸ்கோப் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே பூக்கோசு மாதிரி ஒரு கட்டி. சுரண்டி எடுத்தார்கள். பிறகு வாரா வாரம் டி.பி. தடுப்பூசி மருந்தை டியூப் வழியாகப் பைக்குள்ளேயே ஊற்றினார்கள். கிருமியைக் கண்டால் உடம்பு விழித்துக்கொண்டு கட்டியோடும் சண்டை போடுமாம். முதலில் சரியாகிவிட்டது என்றார்கள். இப்போது மறுபடியும் வந்திருக்கிறது. பழைய இடத்தில் இல்லை, வேறு இடத்தில், கட்டியாக இல்லாமல் சிவப்புத் திட்டாக. பையையே எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். வயிற்றில் ஓட்டை போட்டு வெளியே ஒரு பிளாஸ்டிக் பை மாட்டுவார்களாம். யோசித்துச் சொல் என்று அனுப்பிவிட்டார்.

ஒரு இடத்தில் எடுத்தால் இன்னொரு இடத்தில் ஏன் வருகிறது? டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை, வெளியே ஐம்பது பேர் காத்திருந்தார்கள். உனக்குத் தெரிந்தால் எழுது. வேறு எதற்காகவும் எழுதவில்லை.

சுந்தரமூர்த்தி


வேலூர்
1.12.2023

திரு. சுந்தரமூர்த்தி அவர்களுக்கு,

பெயரைப் போட்டு ஆரம்பித்ததைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

நான் டாக்டர் இல்லை. இங்கே டெக்னீஷியன். எலியின் மூத்திரப்பையை மெழுகில் பதித்து, மயிரிழையைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. பார்த்து முடிவு சொல்பவர்கள் வேறு. ஆனால் இத்தனை வருஷம் பார்த்ததில் கொஞ்சம் தெரியும்.

மூத்திரப்பையின் உள்தோல் சில அடுக்குகள்தான். மேல் அடுக்கில் அகலமான செல்கள் குடை விரித்த மாதிரி படர்ந்திருக்கும். மூத்திரம் திரும்ப உடம்புக்குள் ஊறாமல் காப்பது அவைதான். அடியில் சின்னச் சின்னதாக ஒரு வரிசை. அதில் சிலவற்றைத்தான் ஸ்டெம் செல் என்கிறார்கள். மேலே எது செத்தாலும் அதற்குப் பதில் ஆள் அனுப்புவது அந்த அடி வரிசை. குடலின் உள்தோல் சில நாளுக்கு ஒருமுறை புதிதாகிவிடும். மூத்திரப்பையில் அப்படி இல்லை. மாதக்கணக்கில் எதுவும் நடக்காது, தூங்குகிற மாதிரி இருக்கும். ஏதாவது மருந்தோ கிருமியோ மேல் அடுக்கை உரித்துவிட்டால் மட்டும் அடி வரிசை விழித்துக்கொண்டு, சில நாளிலேயே முழுவதையும் மூடிவிடும்.

நீங்கள் கேட்டதற்குப் பதிலும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது. எங்கள் ஆராய்ச்சியாளரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அதற்குள் நீங்கள் டாக்டரிடம் ஒன்று கேட்டு வையுங்கள். தசை வரைக்கும் இறங்கிவிட்டதா, இல்லை உள்தோலோடு நிற்கிறதா?

இன்னொன்று. பீடி நின்றதா?

போன் நம்பர் கேட்டு எழுத வேண்டாம். எழுதினால் யோசித்து எழுதலாம். பேசினால் நாம் பழையபடி சண்டைக்குப் போய்விடுவோம்.

அமிர்தவள்ளி


பேரணாம்பட்டு
5.12.2023

அமிர்தவள்ளிக்கு,

தசைக்குப் போகவில்லை. அது வரைக்கும் நல்ல சேதி. ஆனால் விட்டால் போகும் என்கிறார்.

பீடி நிற்கவில்லை. கட்டு கட்டாக இழுத்தது போய், இப்போது காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. உனக்குப் பொய் எழுதி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் கடிதத்திலேயே பீடியைத்தான் கேட்டாய். சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்திரண்டு வயதில், தோலைச் சாயத்தில் உருட்டும் டிரம்முக்கு வந்தேன். அப்போதெல்லாம் பொடியைக் கையால் அள்ளிப் போடுவோம். மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு என்ன கலர் ஓடியது என்று தெரியும். இப்போது மாஸ்க், கிளவுஸ் எல்லாம் வந்துவிட்டது, அந்தப் பழைய சாயங்களும் இல்லை. அப்போது உள்ளே போனது போனதுதானே. நீயும் நம் ஊர் கழிவுநீர் பிளாண்டின் லேபில் தண்ணீர் டெஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தவள்தான். உனக்குத் தெரியாததா?

பை மாட்டிக்கொண்டு வாழ எனக்கு இஷ்டம் இல்லை. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைப் பொத்தினால் என்ன செய்வேன்? டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ஆபரேஷனில் வேறு சில நரம்புகளும் போகுமாம். அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. உனக்குப் புரியும். நீ இல்லாத வீட்டில் அது ஒரு குறையா என்று கேட்கலாம். குறைதான்.

நீ ஸ்டெம் செல் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு வழி கிடைத்த மாதிரி ஆயிற்று. பெங்களூரில் ஒரு கிளினிக் இருக்கிறது. கலீமுல்லா போனில் விளம்பரம் காட்டினான். நம் உடம்புக் கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து மூத்திரப்பையில் ஊசி போட்டால் உள்தோல் புதிதாக வளருமாம். வெட்டே இல்லை. போன் பண்ணினேன். ஒரு பெண் நன்றாகப் பேசினாள். "சார், பிளாடர் ரிமூவ் பண்ணவே தேவையில்ல, வந்துடுங்க" என்றாள். அடுத்த வாரம் போகலாம் என்றிருக்கிறேன். உன் லேபிலும் அதைத்தானே செய்கிறார்கள்?

சுந்தரமூர்த்தி


வேலூர்
8.12.2023

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன்.

பெங்களூருக்குப் போகாதீர்கள்.

எங்கள் லேபில் அதைச் செய்யவில்லை. எங்கேயும் யாரும் மூத்திரப்பை கேன்சருக்கு அப்படி ஊசி போட்டுக் குணப்படுத்தியதில்லை. அவர்கள் ஸ்டெம் செல் என்ற வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு விற்கிறார்கள்.

இஃப்ரா என்று ஒரு பெண் எங்கள் குழுவில் ஆராய்ச்சி செய்கிறாள். வாணியம்பாடிக்காரி. உங்கள் கேள்வியை, யாருக்கு என்று சொல்லாமல், அவளிடம் கேட்டேன். மைக்ராஸ்கோப்பில் இரண்டு கண்ணாடியைக் காட்டினாள். இரண்டும் நான் சீவிக் கொடுத்தவைதான், சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

எங்கள் எலிகளில், அடி வரிசைச் செல்களுக்கு ஆளுக்கொரு நிறம் வருகிற மாதிரி செய்திருக்கிறார்கள். ஒரு செல்லுக்குச் சிவப்பு வந்தால் அதன் பிள்ளை, பேரன் எல்லாம் சிவப்பு. வேறு நாட்டில் ஏற்கெனவே செய்து பார்த்ததை இங்கே திரும்பச் செய்கிறார்கள். நல்ல எலியின் உள்தோலில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று சின்னத் திட்டுகள் கலந்து கிடந்தன. இன்னொரு எலி மாதக்கணக்கில் கேன்சர் வரவைக்கும் ரசாயனம் கலந்த தண்ணீர் குடித்தது. அதன் பையில் ஒரு மூலையில் கடுகளவு கட்டி. ஆனால் உள்தோல் முழுக்க ஒரே பச்சை. மற்ற நிறமே இல்லை.

"அக்கா, கட்டிய விட்டுடுங்க. மிச்ச இடத்தப் பாருங்க. பாக்க நல்லாத்தான் இருக்கு, இல்ல? ஆனா அதுவும் பச்சைதான். கெட்டுப்போன ஒரே ஒரு ஸ்டெம் செல்லோட புள்ளைங்க மத்த எல்லாரையும் தள்ளிட்டு மொத்த இடத்தையும் புடிச்சிக்கிச்சி. கட்டிய சொரண்டினா கட்டிதான் போவும். குடும்பம் உள்ளயே இருக்குமே" என்றாள்.

அதனால்தான் இங்கே எடுத்தால் அங்கே வருகிறது. எலிக்கு நடப்பதெல்லாம் மனுஷனுக்கு அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னாள். ஆனால் திரும்பத் திரும்ப வேறு வேறு இடத்தில் வருகிறவர்களுக்கு இந்த மாதிரிதான் இருக்க வேண்டும் என்று டாக்டர்களும் நினைக்கிறார்களாம். புது ஸ்டெம் செல் ஊற்றினால் என்ன என்று கேட்டேன். "பழசு இன்னா, எடம் குடுத்துட்டு எழுந்து போயிடுமா? யாருக்காவது சொல்றதா இருந்தா போவ வேணாம்னு சொல்லுங்க அக்கா" என்றாள்.

இனி சாயம், பீடி விஷயம். அதையும் கேட்டேன். இரண்டில் இருக்கும் விஷமும் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, கடைசியில் மூத்திரப்பைக்குத்தான் வருகிறது. மணிக்கணக்கில் அங்கே தேங்கி நிற்கிறது. முதலில் அந்த ஒரு செல்லைத் தொட்டது எது என்று யாராலும் சொல்ல முடியாது. பீடிதான் என்று உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு எத்தனை வருஷ ஆசை தெரியுமா? சொல்ல முடியவில்லை.

நான் வேலூர் வேலைக்குக் கிளம்பிய அன்று, "போனா போனதுதான்" என்றீர்கள். நானும் போய்விட்டேன். இப்போது நான் உங்களைப் போகாதீர்கள் என்கிறேன். கேட்பதும் கேட்காததும் உங்கள் இஷ்டம்.

அமிர்தவள்ளி


வேலூர், ஆஸ்பத்திரி வார்டு
17.12.2023

அமிர்தா,

உன் கடிதம் வருவதற்குள் கிளம்பிவிட்டேன் என்று பொய் எழுதலாம். வந்துவிட்டது, படித்தேன், அதற்குப் பிறகும் கிளம்பினேன்.

ஆம்பூரில் ரயில் ஏறினோம், நானும் கலீமுல்லாவும். வாணியம்பாடி தாண்டும்போது ஒண்ணுக்கு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. ரத்தம் உள்ளே கட்டி கட்டியாக உறைந்து வழியை அடைத்துவிட்டது. ஜோலார்பேட்டை வருவதற்குள் வயிறு கல்லாகிவிட்டது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ரயில்வே ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தர், "பெங்களூருக்கா, வேலூருக்கா, எங்கய்யா போவணும்?" என்று கேட்டார். கலீமுல்லா என்னைப் பார்த்தான். நான் வேலூர் என்றேன். அவ்வளவு வலியிலும் உன் பச்சை எலிதான் ஞாபகத்தில் இருந்தது.

டியூப் போட்டுக் கழுவிவிட்டார்கள். இப்போது பரவாயில்லை. வியாழக்கிழமை ஆபரேஷன். சரி என்று சொல்லிவிட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

ஒரு விஷயம். எடுக்கிற பையில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். எந்த ஆராய்ச்சிக்கு என்று கேட்டேன். கைகாட்டிய திசை உன் கட்டடம். அது உன் மேஜைக்கு வருமா? என்னை நீ சீவிப் பார்ப்பது உனக்குக் கஷ்டமாக இருந்தால் முடியாது என்று சொல்லிவிடுகிறேன். உன்னைக் கேட்காமல் பதில் சொல்ல மனசில்லை.

இந்த ஜன்னலிலிருந்து உன் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. நீ வர வேண்டாம். கலீமுல்லா கூட இருக்கிறான். இதையும் அவன்தான் உன் வாட்ச்மேனிடம் கொடுப்பான்.

சுந்தரமூர்த்தி


வேலூர்
19.12.2023

கலீமுல்லா அண்ணன் கடிதத்தை வாட்ச்மேனிடம் கொடுக்கவில்லை. என்னிடமே கொடுத்தார். "அம்மா, நான் ஒண்ணும் பேச மாட்டேன், குடுத்துட்டுப் போயிட்றேன்" என்று சொல்லிவிட்டு, அரை மணி நேரம் நின்று ஜோலார்பேட்டைக் கதை முழுவதும் சொன்னார்.

துண்டைக் கொடுங்கள். எங்களுக்கு வருவதில் பெயர் இருக்காது, நம்பர்தான். உங்களுடையது எது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டேன். என்னிடம் அனுப்பச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். அந்த நம்பருக்குப் பின்னால் யார் இருந்தாலும் நான் ஒரே மாதிரிதான் சீவ வேண்டும்.

நேற்று லாங் பஜாருக்குப் போயிருந்தேன். பை மாட்டுவதைக் கற்றுக்கொடுக்கும் நர்ஸிடம், ஏற்கெனவே பை மாட்டியிருக்கும் ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேட்டிருந்தேன். ஒரு அம்மாவிடம் சம்மதம் கேட்டுவிட்டு என்னை அனுப்பினார். முத்துமாரி என்று பெயர், எவர்சில்வர் கடை வைத்திருக்கிறார். ஒரே கூட்டம், தள்ளுவண்டி, பைக் சத்தம். நடுவில் நின்று குக்கர் மூடியைத் தட்டி விலை சொல்லிக்கொண்டிருந்தார். எப்படிக் கேட்பது என்று நான் தயங்க, அவரே கல்லாவுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"யாருக்கு? வூட்டுக்காரருக்கா?"

"ஆமா" என்றேன்.

"என் பக்கத்துல அஞ்சு நிமிஷமா நிக்கறே. வாசனை வந்துச்சா?"

"இல்ல."

"புடவைக்கு மேல எதனா தெரியுதா?"

"இல்ல."

"மொதல் ரெண்டு மாசம் பேஜார்தான். ஒட்டறது பிரியும், ராத்திரி நனையும், அழுகை வரும். அப்பறம் பழகிடும். அவரு பயந்தா இங்க கூட்டினு வா. குக்கர் வாங்கற மாதிரி வரட்டும்" என்றார்.

பயம் இருக்காது என்று நான் எழுத மாட்டேன். எனக்கே இருக்கிறது.

வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டேன். வர வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். படித்தேன்.

அமிர்தவள்ளி


பேரணாம்பட்டு
24.2.2024

அமிர்தா,

முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். உட்கார்ந்து எழுத இப்போதுதான் முடிகிறது.

ரிப்போர்ட் வந்துவிட்டது. டாக்டரை நிதானமாகச் சொல்லச் சொன்னேன், சொன்னார். பார்வைக்கு நல்லதாகத் தெரிந்த இடத்திலும் கேன்சர் இருந்ததாம். கிட்டத்தட்ட உள்தோல் முழுக்கப் பரவியிருந்திருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் கீழே இறங்க ஆரம்பித்திருக்கிறது, தசையைத் தொடவில்லை. நெறிக்கட்டிகளில் ஒன்றும் இல்லை. "நல்ல சமயத்துல எடுத்துட்டோம். ஆனா செக்கப்பு விடாம வரணும்" என்றார். மறுபடி வராது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பை இருமுறை பிரிந்தது, ஒருமுறை பஸ்ஸில். இப்போது கை பழகிவிட்டது. வேலைக்கும் போகிறேன், டிரம் பக்கம் இல்லை, தோல் ரகம் பிரிக்கிற இடத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. கலீமுல்லா எல்லோர் முன்னாலும், "சுந்தரம் இப்ப பெரிய ஆளு, ஒண்ணுக்குக்கூட எழுந்து போவ மாட்டான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவனே சாய செக்‌ஷனில் சிவப்பாகப் போவதாகச் சொன்ன இரண்டு பேரை வேலூருக்கு இழுத்துப் போனான். ஒருவனுக்குக் கல். இன்னொருவனுக்கு ஒன்றும் இல்லை, பீட்ரூட் தின்றிருக்கிறான்.

பீடி இல்லை. ஆஸ்பத்திரியிலேயே நின்றது, திரும்ப எடுக்கவில்லை.

ஒரு வருத்தம் உண்டு, எழுதிவிடுகிறேன். அத்தனை நாளும் என் கட்டில் பக்கத்தில் அந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். சண்டைகூடப் போட்டாய், கஞ்சி குடிக்காததற்கு. வீட்டுக்கு அனுப்பிய அன்று மட்டும் வரவில்லை. கலீமுல்லா ஆட்டோவை வெகு நேரம் நிறுத்தி வைத்தான். வேலை இருந்திருக்கும் என்று அவன் சொன்னான்.

சுந்தரமூர்த்தி


வேலூர்
3.3.2024

ரிப்போர்ட் செய்தியை இரண்டு தடவை படித்தேன். இஃப்ராவிடம், அந்த வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார் என்று சொன்னேன். "எந்த வூட்டுக்காரரு அக்கா?" என்றாள். அப்புறம் அவளுக்கே புரிந்துவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தாள்.

நீங்கள் கிளம்பிய அன்று வேலை எதுவும் இல்லை. லேப் மாடி ஜன்னலிலிருந்து அந்த ஆட்டோவைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கீழே வந்தால் ஊருக்கு வா என்று கூப்பிடுவீர்கள் என்று பயம். கூப்பிட மாட்டீர்கள் என்றும் பயம்.

இப்போதும் பேரணாம்பட்டுக்கு நான் வருவதாக இல்லை. எனக்கு இங்கே வேலை இருக்கிறது, இந்த வேலை பிடித்திருக்கிறது. அதைத் தெளிவாக எழுதிவிடுவது நல்லது.

ஜனவரியிலிருந்து மனிதர்களின் துண்டுகள் நிறைய வருகின்றன. பெட்டியைத் திறக்கும்போது ஒரு நிமிஷம் கை நிற்கிறது. உங்களுடையது வந்து போயிருக்கலாம், நான் சாயம் ஏற்றியும் இருக்கலாம். சொன்ன மாதிரியே எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் சீவுகிறேன். ஆனால் முன்பெல்லாம் இவை எனக்கு நம்பர். இப்போது ஒவ்வொன்றுக்கும் எங்கேயோ ஒரு வீடு இருக்கிறது, அங்கே ஒருவர் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

இந்த மாதம் செக்கப் இருக்கும். ஆஸ்பத்திரி வேலை மதியத்துக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் படுத்துவிட்டுப் போகலாம். கலீமுல்லா அண்ணனையும் கூட்டி வாருங்கள். மற்றதை எல்லாம் இப்போது பேச வேண்டாம்.

வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படி ஏற முடியுமா என்று மட்டும் எழுதுங்கள்.

அமிர்தா


பேரணாம்பட்டு
7.3.2024

அமிர்தா,

ஏறுவேன். நடுவில் ஒரு தடவை நிற்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

சுந்தரம்